ரிவர்ஸ் லுக்கப்: உள்ளே பதில் வருகிறது, வெளியே வரவில்லை

3 ஏப்ரல் 2024, மாலை 6.20 (ஒரு வாசகரின் கேள்வி)

சேவை நிறுவனம் எங்களுக்கு 64 முகவரிகள் கொடுத்திருக்கிறது. 203.0.113.64 முதல் 127 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மை எண்களை மாற்றியிருக்கிறேன். எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்கும் ரிவர்ஸ் லுக்கப்புக்காக, பைண்டில் (டிஎன்எஸ் சர்வர் மென்பொருள்) எண்களைத் திருப்பிப் போட்டு 113.0.203.இன்-அட்ர்.ஆர்ப்பா என்று ஒரு ஸோன் (ஒருவர் பொறுப்பில் உள்ள பெயர்த் தொகுதி) உருவாக்கி எல்லா சர்வருக்கும் பிடிஆர் (எண்ணுக்குப் பெயர் சொல்லும் பதிவு) எழுதிவிட்டேன். ஸோன் ஃபைலைச் சோதிக்கும் நேம்டு-செக்ஸோன் சரி என்கிறது. என் சர்வரிடம் கேட்டால் பெயர் வருகிறது. வெளியிலிருந்து கேட்டால் என்எக்ஸ்டொமைன், அதாவது அப்படிப் பெயரே இல்லை. டொமைன் எங்கள் பெயரில்தான் இருக்கிறது, ஃபார்வர்ட் ஸோன் (பெயருக்கு எண் சொல்வது) இதே சர்வரில் ஒழுங்காக ஓடுகிறது. ஃபைலில் எங்கே பிழை?

3 ஏப்ரல், இரவு 9.10

ஃபைலில் பிழை இல்லை. அந்த ஸோன் உங்களுடையதே இல்லை.

டொமைனை வாங்கியது நீங்கள், அதனால் ஃபார்வர்ட் உங்கள் கையில். முகவரி அப்படி அல்ல. ரிவர்ஸ் மரம் டொமைன் விற்றவர் வழியாக இறங்காது, முகவரி கொடுத்தவர் வழியாக இறங்கும். ரூட், ஆர்ப்பா, இன்-அட்ர்.ஆர்ப்பா, அதற்குக் கீழே 203 (இதை ஆசிய-பசிபிக் முகவரிப் பதிவகமான ஏப்னிக் பார்க்கிறது), அங்கிருந்து உங்கள் சேவை நிறுவனம். அந்த நிறுவனம் உங்கள் பக்கம் கை காட்டாத வரை உங்கள் சர்வரில் என்ன எழுதினாலும் உலகம் வந்து கேட்காது. உங்களிடம் நேரடியாகக் கேட்பவர்களுக்கு மட்டும் பதில் கிடைக்கும், இப்போது நடப்பதும் அதுதான்.

உண்மை எண்ணைப் போட்டு 'டிக் +ட்ரேஸ் -எக்ஸ்' ஓட்டிப் பாருங்கள் (டிக் என்பது டிஎன்எஸ்ஸைக் கேட்கும் கட்டளை). கடைசியாக யார் பதில் சொல்கிறாரோ அவரிடம்தான் பேச வேண்டும்.

3 ஏப்ரல், இரவு 9.25

மறந்துவிட்டேன், இது அவசரம். அந்த ஸோனை இப்போதே எடுத்துவிடுங்கள். அதே பைண்டைத்தான் உங்கள் அலுவலகக் கணினிகள் ரிசால்வராகவும் (பெயர்களைத் தேடித் தரும் சர்வர்) பயன்படுத்துகின்றன என்றால், 256 முகவரிக்கும் நீங்களே அதிகாரி என்று உள்ளே அறிவித்திருக்கிறீர்கள். உங்கள் பங்கு 64. மீதி 192 முகவரிகள் வேறு யாருடையவோ. அவர்கள் பெயரைத் தேடும் உங்கள் ஆட்களுக்கெல்லாம் 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் போகும். அவர்களில் ஒருவர் உங்களுக்கு மெயில் அனுப்பினால் உங்கள் மெயில் சர்வரே திருப்பி அனுப்பலாம். பிறகு அவர் சர்வரில் கோளாறு என்று நீங்கள் சொல்வீர்கள், உங்கள் சர்வரில் என்று அவர் சொல்வார்.

4 ஏப்ரல், காலை 7.40

சரி, 64 முகவரிக்கு என்ன செய்வது? ரிவர்ஸ் மரம் புள்ளிக்குப் புள்ளிதான் பிரியும். /24 (256 முகவரி), /16, /8 என்றால் வெட்டு சுத்தமாக விழும். உங்கள் 64, அதாவது /26, புள்ளிக்கு நடுவில் விழுகிறது. டிஎன்எஸ்ஸின் இப்போதைய அடிப்படை வரையறை 1987-இல் வந்தபோது இப்படித் துண்டு போட்டுக் கொடுக்கும் வழக்கம் இல்லை, அது பிறகு வந்தது. அதற்கான ஒட்டுவேலை 1998 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2317 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளைச் சொல்லும் ஆவணம்).

ஒட்டுவேலை என்று இளக்காரமாகச் சொல்லவில்லை, நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். சேவை நிறுவனம் தன் /24 ஸோனில் உங்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சிநேம் (வேறு பெயருக்குத் திருப்பிவிடும் பதிவு) எழுதும். 70 என்பது 70.64/26.113.0.203.இன்-அட்ர்.ஆர்ப்பா என்ற பெயருக்குத் திரும்பும். '64/26' என்ற அந்தக் கிளையை உங்கள் நேம்சர்வருக்கு என்எஸ் (பொறுப்பான சர்வரைக் காட்டும் பதிவு) போட்டு ஒப்படைத்துவிடும். நீங்கள் அந்தப் பெயரில் ஸோன் வைத்து பிடிஆர் எழுதுகிறீர்கள். கேட்பவர் சிநேம் வழியாகத் தானாக உங்களிடம் வந்து சேர்வார்.

வேறு வழிகளும் உண்டு. பிடிஆர் அத்தனையையும் அவர்களையே எழுதச் சொல்லலாம், ஆண்டுக்கு ஒருமுறை மாறினாலே அதிகம் என்றால் அதுவே மேல். ஒவ்வொரு முகவரியையும் தனித்தனி ஸோனாக ஒப்படைக்கச் சொல்லலாம், நான்கு முகவரி என்றால் பரவாயில்லை, 64 என்றால் பைத்தியம் பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று, அதே ஆர்எஃப்சி அனுமதிப்பதுதான். சிநேம்களை இன்-அட்ர்.ஆர்ப்பாவுக்குள்ளேயே சுற்றவிடாமல் நேராக உங்கள் சொந்த டொமைனுக்குக் கீழே அனுப்பச் சொல்லுங்கள்: 70.ரெவ்.எக்ஸாம்பிள்.காம் என்பதுபோல. புது ஸோன் வேண்டாம், புது ஒப்படைப்பு வேண்டாம், உங்கள் ஃபார்வர்ட் ஸோனுக்குள்ளேயே பிடிஆர் உட்கார்ந்துவிடும். சேவை நிறுவனம் ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடலாம். ஆனால் இதைக் கேட்டால் பலர் புரியாமல் விழிப்பார்கள்.

4 ஏப்ரல், பகல் 1.05

ஒருவர் கேட்கிறார், பெயரில் சாய்கோடு வருமா என்று. டிஎன்எஸ்ஸுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை செய்வது நிர்வாகப் பக்கங்கள், சாய்கோட்டைக் கண்டால் 'செல்லாத எழுத்து' என்று நிற்கும். ஸோன் பெயரையே ஃபைல் பெயராக வைப்பவர்களுக்கும் சிக்கல், லினக்ஸ் அதை டைரக்டரி என்று எடுத்துக்கொள்ளும். அதனால் பலர் 64-26 என்றோ 64-127 என்றோ வைத்துக்கொள்கிறார்கள். எதுவானாலும் சரி, அவர்கள் சிநேமில் எழுதிய பெயரும் உங்கள் ஸோனின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள், டிக் அடித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் உதவி மையத்தில் இருப்பவர் வாயில் வருவது ஒன்று, ஸோனில் இருப்பது ஒன்று. எனக்கு ஒரு நிறுவனத்தில் 'ரிவர்ஸா? ரீசார்ஜா?' என்றே பதில் வந்திருக்கிறது.

4 ஏப்ரல், இரவு 10.50

புள்ளி.

இதைத் தனிக்குறிப்பாகவே எழுதுகிறேன். பிடிஆருக்கு வலப்பக்கம் மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று எழுதிவிட்டு இறுதிப் புள்ளியை விட்டால், பைண்ட் மரியாதையாக ஸோன் பெயரையும் பின்னால் ஒட்டி மெயில்.எக்ஸாம்பிள்.காம்.113.0.203.இன்-அட்ர்.ஆர்ப்பா என்று ஆக்கிவிடும். ஃபார்வர்ட் ஸோனில் புள்ளி இல்லாத சுருக்கப்பெயர் வசதியாக இருக்கும், அந்தக் கைப்பழக்கம் இங்கே வந்து கவிழ்க்கிறது. நேம்டு-செக்ஸோன் இதைப் பிழை என்று சொல்லாது, ஏனென்றால் இது பிழையான பெயரே அல்ல, வேண்டாத பெயர். '-டி' (பெரிய எழுத்து) சேர்த்து ஓட்டினால் ஸோனை முழுசாக விரித்துக் காட்டும். அதில் 'ஆர்ப்பா' என்று வலப்பக்கம் முடியும் பிடிஆர் வரி ஏதாவது இருக்கிறதா என்று தேடினால் போதும்.

புள்ளியை மறந்தவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினால் உறுப்பினர் பஞ்சமே வராது.

5 ஏப்ரல், காலை 8.15

சீரியல் எண் (ஸோன் மாறியதைக் காட்டும் எண், தேதியில் தொடங்குமாறு வைப்பது வழக்கம்) பற்றிக் கேட்டிருக்கிறார் இன்னொருவர். அவருடைய சகா 2024-க்குப் பதில் 2042 என்று அடித்துவிட்டாராம். இப்போது சரியான எண்ணைப் போட்டால் செகண்டரி (ஸோனின் நகலை வைத்திருக்கும் சர்வர்) எடுத்துக்கொள்ள மறுக்கிறது, பழையதைவிடச் சின்ன எண் என்பதால்.

ஓர் இலக்கம் கூடிப்போயிருந்தால் பைண்டே பிடித்திருக்கும், 32 பிட்டுக்கு மேல், அதாவது 4294967295-க்கு மேல், போகாது. 2042 செல்லுபடியாகும் எண் என்பதுதான் தொல்லை. ஒரு வழி, செகண்டரியில் ஸோன் ஃபைலை அழித்து மறுபடி இழுக்க வைப்பது. செகண்டரி வேறொருவர் கையில் என்றால் எண்ணைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். சீரியல் ஒப்பீடு வட்டமானது (ஆர்எஃப்சி 1982). 2042031201-உடன் 2147483647 கூட்டினால் 4189514848. அதைப் போட்டு, எல்லா செகண்டரியும் எடுத்துக்கொண்டதா என்று உறுதிசெய்துவிட்டு, பிறகு 2024-இல் தொடங்கும் எண்ணைப் போடுங்கள். வட்டக் கணக்கில் அது 'பெரியது' ஆகிவிடும். நடுவில் ஒரு செகண்டரி தூங்கிவிட்டால் ஆட்டம் முதலிலிருந்து.

6 ஏப்ரல், இரவு 9.30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். சேவை நிறுவனம் ஒப்படைத்துவிட்டதாம், ஆனால் இப்போது என்எக்ஸ்டொமைன் போய் செர்வ்ஃபெயில் வருகிறதாம். 'முன்னைவிட மோசமாகிவிட்டது' என்கிறார்.

மோசமாகவில்லை, முன்னேற்றம். என்எக்ஸ்டொமைன் என்றால் மேலே உள்ளவர் 'அப்படிப் பெயரே கிடையாது' என்று உறுதியாகச் சொல்கிறார். செர்வ்ஃபெயில் என்றால் ரிசால்வர் உங்கள் வாசல் வரை வந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. பெரும்பாலும் உங்கள் சர்வரிடம் அந்தப் பெயரில் ஸோன் இல்லை. அதே பெயரை உங்கள் சர்வரிடமே '+நோரிகர்ஸ்' (வேறு யாரிடமும் கேட்டுச் சொல்லாதே) போட்டுக் கேளுங்கள். 'ரெஃப்யூஸ்ட்' வந்தால் ஸோன் பெயர் பொருந்தவில்லை, அல்லது அமைப்பு ஃபைலில் ஸோனே சேரவில்லை. பதிலோடு 'ஏஏ' கொடி (அதிகாரபூர்வ பதில் என்ற அடையாளம்) வந்தால் உங்கள் பக்கம் சரி. அப்போது ஃபயர்வாலைப் பாருங்கள், யுடிபி 53 மட்டும் திறந்து டிசிபி 53 மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் ஏதும் இல்லாமல் 'நோஎரர்' மட்டும் வந்தால் அது வேறு கதை. பெயர் இருக்கிறது, பிடிஆர் இல்லை. புள்ளிக் கணக்கில் ஒரு படி மேலேயோ கீழேயோ எழுதியிருப்பீர்கள்.

6 ஏப்ரல், இரவு 11.20

சிநேமில் அவர்கள் வைத்திருந்தது 64-127, இவர் ஸோன் 64/26. மாற்றினார், வந்துவிட்டது.

வந்தது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லையாம். பொது ரிசால்வர்களான 8.8.8.8 பெயரைச் சொல்கிறது, 9.9.9.9 சொல்கிறது, அலுவலக ரிசால்வர் மட்டும் இன்னும் 'இல்லை' என்கிறதாம். சேவை நிறுவனம் வழக்கமான மந்திரத்தைச் சொல்லியிருக்கிறது, '48 மணி நேரம் பொறுங்கள்'. இந்த 48 எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. 'இல்லை' என்ற பதிலையும் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைப்பார்கள் (ஆர்எஃப்சி 2308, 1998). எவ்வளவு நேரம் என்பது அந்த 'இல்லை'யைச் சொன்ன ஸோனின் எஸ்ஓஏவில் (ஸோனின் தலைப்புப் பதிவு) இருக்கிறது, அதன் டிடிஎல்லும் (பதிலைக் கேஷில் வைக்கும் நேரம்) கடைசி எண்ணும் எது குறைவோ அது. இங்கே 'இல்லை' என்று சொன்னது சேவை நிறுவனத்தின் ஸோன். உங்கள் எஸ்ஓஏவை எத்தனை குறைத்தாலும் பயனில்லை. டிக் பதிலின் அதாரிட்டி பகுதியில் அந்த எண் வினாடி வினாடியாகக் குறைவது தெரியும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அலுவலக ரிசால்வர் உங்களுடையதுதானே, கேஷை அழித்தால் இப்போதே வரும்.

இன்னொரு சின்ன விஷயம். டிக் நேரே டிஎன்எஸ்ஸைக் கேட்கும், ஹோஸ்ட்ஸ் ஃபைலை (கணினியிலேயே உள்ள பெயர்ப் பட்டியல்) பார்க்காது. நிரல்கள் பார்க்கும். 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' அடித்தால் நிரலுக்குக் கிடைக்கும் பதிலே உங்களுக்கும் கிடைக்கும். இரண்டும் வேறுபட்டால் யாரோ என்றோ ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

8 ஏப்ரல், காலை 7.55

இழை மெயில் பக்கம் திரும்பிவிட்டது, எதிர்பார்த்ததுதான். ஒருவர் அடித்துச் சொல்கிறார்: 'பிடிஆர் பெயரும் அனுப்புநர் டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜிமெயில் எடுக்காது.' இல்லை. ஒரே சர்வர் நூறு டொமைனுக்கு மெயில் அனுப்பலாம். பார்ப்பது இதைத்தான்: முகவரியிலிருந்து பெயர், அந்தப் பெயரிலிருந்து மீண்டும் அதே முகவரி. போய்த் திரும்பும் வட்டம் மூட வேண்டும். 2024 பிப்ரவரியில் அமலுக்கு வந்த ஜிமெயில் விதிகளும் ஃபார்வர்ட், ரிவர்ஸ் இரண்டும் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கின்றன.

ஹெலோவில் (மெயில் சர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் வரி) சொல்லும் பெயரும் அதே பெயராக இருந்தால் நல்லது. ஹெலோ பெயர் முகவரியோடு பொருந்தவில்லை என்பதற்காக மெயிலை மறுக்கக் கூடாது என்கிறது ஆர்எஃப்சி 5321. மறுக்கிறார்கள். அவர்களிடம் போய் ஆர்எஃப்சி வாசித்துக் காட்டிப் பயனில்லை.

போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு: லாகில் 'அன்னோன்' என்று வந்தவுடன் பிடிஆர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பிடிஆர் இருந்து, அந்தப் பெயர் திரும்ப அதே முகவரிக்கு வராவிட்டாலும் போஸ்ட்ஃபிக்ஸ் 'அன்னோன்' என்றே எழுதும். மறுக்கும் விதிகளும் இரண்டு, பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். 'ரிஜெக்ட் அன்னோன் க்ளையன்ட் ஹோஸ்ட்நேம்' வட்டம் மூடாத எல்லாரையும் தள்ளும். நடுவில் 'ரிவர்ஸ்' என்ற சொல் உள்ளது பிடிஆரே இல்லாதவரை மட்டும் தள்ளும். நான் இரண்டாவதைத்தான் வைத்திருக்கிறேன். முதலாவதை வைத்தால் ஒழுங்கான, ஆனால் சோம்பேறியான நிர்வாகிகள் பலரின் மெயில் போய்விடும். அவர்களில் யாராவது ஒருவர் நம் மேலதிகாரிக்கு வேண்டியவராக இருப்பார்.

8 ஏப்ரல், பகல் 12.30

'அந்த முகவரியில் நாற்பது தளங்கள் இருக்கின்றன, நாற்பது பிடிஆர் போடட்டுமா?' வேண்டாம். தடை இல்லைதான், ஆனால் பதில் வீங்கும், வரிசை மாறி மாறி வரும், பல நிரல்கள் முதலில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். லாகில் இன்று ஒரு பெயர், நாளை வேறு பெயர். இயந்திரத்துக்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு பிடிஆர்.

9 ஏப்ரல், இரவு 10.15

உள் நெட்வொர்க் முகவரிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. 10, 192.168, 172.16 முதல் 31 வரை. இவற்றுக்கு உலகில் யாரும் ஒப்படைக்கப் போவதில்லை, அதனால் இங்கே நீங்களே ராஜா. ஸோன் வைக்காவிட்டால் ரிசால்வரே 'இல்லை' என்று சொல்லிவிடும், பைண்டிலும் அன்பவுண்டிலும் (இன்னொரு ரிசால்வர் மென்பொருள்) இதற்கென வெற்று ஸோன்கள் உள்ளேயே இருக்கின்றன. அதையும் தாண்டி வெளியே கசியும் கேள்விகளை விழுங்குவதற்காகவே ஏஎஸ்112 என்ற பெயரில் உலகம் முழுக்கச் சர்வர்கள் வைத்திருக்கிறார்கள். அந்தக் குப்பையில் நம் பங்கு சேராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அன்பவுண்ட் வழியாக உள் ரிவர்ஸ் ஸோனை வேறு சர்வருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அந்த வெற்று ஸோனுக்கு 'நோடிஃபால்ட்' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் ஸ்டப் ஸோன் (கேள்வியை அந்தச் சர்வருக்கு அனுப்பும்) அமைப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் கேள்வி அங்கே போகவே போகாது. 172 வரிசைக்கு 16 ஸோன் வேண்டும், ஒன்றாகச் சுருக்க முடியாது, வெட்டு புள்ளியில் விழவில்லை.

உள் ரிவர்ஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் அடித்தால் கடவுச்சொல் கேட்கவே பத்து வினாடி ஆகிறது என்ற புகாரைக் கேட்டிருப்பீர்கள். பிடிஆர் இல்லாததால் அல்ல. 'இல்லை' என்ற பதில் வந்தால் உடனே நகர்ந்துவிடும். பதிலே வராததால்தான். ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) ஒரு சர்வருக்கு 5 வினாடி காத்திருக்கும், இரண்டு முறை முயலும், கணக்கு சரியாக வரும். 2015-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 6.8 முதல் 'யூஸ்டிஎன்எஸ்' (வருபவரின் பெயரைத் தேடும் அமைப்பு) இயல்பாகவே அணைந்திருக்கிறது, இருந்தும் பழைய அமைப்பு ஃபைலைச் சுமந்து திரிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லிலும் இதே கூத்து உண்டு, 'ஸ்கிப் நேம் ரிசால்வ்' போட்டால் நிற்கும். ஆனால் பெயர் வைத்து அனுமதி கொடுத்த பயனர்கள் அதோடு வெளியே நிற்பார்கள், முதலில் அவர்களை முகவரிக்கு மாற்றுங்கள்.

11 ஏப்ரல், காலை 6.50

'$ஜெனரேட்' (பதிவுகளை வரிசையாக உருவாக்கும் பைண்ட் கட்டளை) வைத்து 64 முகவரிக்கும் ஹோஸ்ட்-65, ஹோஸ்ட்-66 என்று நிரப்பிவிடலாமே என்று ஒருவர். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் செய்தேன், பார்க்க அழகாக இருக்கும். இப்போது மனம் மாறிவிட்டது. எண் ஒட்டிய பெயர்களைக் கண்டால் பல ஸ்பாம் வடிகட்டிகள் வீட்டு இணைப்பு என்று எடுத்துக்கொள்கின்றன. ஃபார்வர்டிலும் அதே வரிசையை நிரப்பாவிட்டால் வட்டம் மூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த முகவரியில் உண்மையில் இயந்திரம் இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. பயன்படுத்தாத முகவரிக்குப் பெயர் வேண்டாம்.

பழைய பெயரை விட்டுவைப்பது இன்னும் மோசம். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், கழற்றி எடுத்த மெயில் சர்வரின் பெயர் அந்த முகவரியிலேயே தங்கிவிட்டது. அதே முகவரியில் பிறகு சோதனைக்கென்று ஏற்றிய இயந்திரம் வைரஸ் பிடித்து ஸ்பாம் கக்கியபோது, புகார்கள் எல்லாம் இல்லாத மெயில் சர்வரைத் தேடி வந்தன. அது பெட்டிக்குள் தூசி படிந்து கிடந்தது.

13 ஏப்ரல், இரவு 9.40

ஐபிவி6 (நீளமான புதிய முகவரி முறை) பற்றிக் கேட்டவருக்கு. முகவரியை 32 பதினாறிலக்க எழுத்துகளாக விரித்து, பின்னாலிருந்து புள்ளி வைத்து எழுத வேண்டும், முடிவில் ஐபி6.ஆர்ப்பா. கையால் எழுதாதீர்கள். 'டிக் -எக்ஸ்' அடித்தால் கேள்விப் பகுதியில் முழுப்பெயரும் வரும், நகலெடுத்து ஒட்டுங்கள். ஒரு நன்மை, வெட்டு ஒவ்வொரு எழுத்திலும் விழுவதால் /48, /56, /64 எல்லாம் சுத்தமாகப் பிரியும், 2317 ஒட்டுவேலை தேவையில்லை.

நிரப்புவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு /64-இல் 2-இன் 64-ஆவது அடுக்கு முகவரிகள். சர்வர்களுக்கு மட்டும் எழுதுங்கள், தானாக மாறும் தற்காலிக முகவரிகளை விட்டுவிடுங்கள். மெயில் சர்வரில் ஐபிவி6 தானாக எழுந்து, அதற்குப் பிடிஆர் இல்லாமல், ஜிமெயில் மறுத்த பிறகே பலருக்குத் தங்களிடம் ஐபிவி6 இருப்பது தெரிகிறது.

14 ஏப்ரல், பகல் 3.10

'அப்படியானால் பிடிஆர் பார்த்து அனுமதி கொடுக்கலாமா?' கூடாது. ரிவர்ஸ் ஸோன் கையில் இருப்பவர் அதில் எந்தப் பெயரையும் எழுதலாம், உங்கள் வங்கியின் பெயரைக்கூட. ஃபார்வர்டிலும் சரிபார்த்த பிறகுதான் அந்தப் பெயருக்கு மதிப்பு. கூகுள்பாட் என்று சொல்லிக்கொண்டு வருபவரைச் சோதிக்க கூகுளே இந்த இரட்டைச் சோதனையைத்தான் சொல்கிறது. லாகில் பெயரை மட்டும் எழுதி முகவரியை விட்டுவிடும் நிரல் எதுவானாலும் அமைப்பை மாற்றுங்கள்.

எஸ்பிஎஃப்பில் (ஒரு டொமைன் பெயரில் எந்தச் சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு) 'பிடிஆர்' என்று ஒரு சொல் உண்டு. ஆர்எஃப்சி 7208 அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. இருந்தால் எடுத்துவிடுங்கள்.

17 ஏப்ரல், காலை 8.30

மெயில் சர்வரின் பெயரை மாற்றப் போகிறவர் எதை முதலில் மாற்றுவது என்று கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று நாள் முன்பே பிடிஆரின் டிடிஎல்லைக் குறையுங்கள். முதலில் புதுப் பெயருக்கு ஏ ரெக்கார்டு (பெயருக்கு எண் சொல்லும் பதிவு), பழையதையும் விட்டுவையுங்கள். அது வெளியே தெரிந்ததும் பிடிஆர். பழைய பிடிஆரின் டிடிஎல் ஓடி முடிந்ததும் ஹெலோ. லாகில் மறுப்பு ஏதும் இல்லை என்றால் பழைய ஏ ரெக்கார்டை எடுத்துவிட்டு டிடிஎல்லைப் பழையபடி ஏற்றுங்கள். பிடிஆர் சேவை நிறுவனத்தின் கையில் என்றால் வெள்ளிக்கிழமை மாலை கேட்காதீர்கள்.